இரு களங்களில் ஆடிய ஒருவர்: நம் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பினை

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற மாணவர் பரிசளிப்பு நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகளுக்குச் சற்று முன்பு பரிசுகள் வழங்கப்பட்டன. இது ஆண்டுதோறும் நடைபெறும் வழக்கம். இவ்வாண்டு முதன்முறையாக, பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் வென்ற பிள்ளைகளையும் மேடைக்கு அழைத்துச் சிறப்பிக்க வேண்டும் என்று நாம் நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டோம். மறுப்பின்றி இசைந்த நிர்வாகத்தார்க்கு நம் நன்றி உரியது. "நம் ஹஜ்ரத் எப்போதிருந்து விளையாட்டின் பக்கம் திரும்பினார்?" என்று சிலர் புன்னகையோடு வினவியதும் நம் செவிக்கு எட்டியது. அந்த வினா நியாயமானதே. அதற்கு விடை சொல்லாமல் மேலே செல்வது முறையன்று.

நாம் இவ்வூருக்குப் பணியாற்ற வந்த தொடக்க ஆண்டுகளில் நம் மஹல்லாவில் ஒரு மாணவர் இருந்தார். பெயர் வேண்டா, பெரியோர் பலருக்கு நினைவிருக்கும். ஓட்டத்தில் முதலிடம், நீளம் தாண்டுதலில் முதலிடம், கபடியிலும் கைப்பந்திலும் பள்ளி அணியில் இடம். மாவட்ட அளவிலான போட்டியில் வென்று, சான்றிதழையும் கோப்பையையும் ஏந்தியபடி பேருந்திலிருந்து இறங்கி நேரே பள்ளிவாசலுக்கு வந்து நம்மிடம் காட்டினார். நாம் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, "அஸருக்குப் பிறகு மக்தபுக்கு ஏன் வரவில்லை?" என்று மட்டுமே கேட்டோம். பயிற்சி நேரமும் மக்தப் நேரமும் ஒன்றாகவே இருந்தன. சில வாரங்களில் அவருடைய தந்தை நம்மிடம் ஆலோசனை கேட்க வந்தார். வெளியூர் விளையாட்டு விடுதி ஒன்றில் மகனைச் சேர்க்கலாமா என்பது அவர் கேள்வி. "விளையாட்டு சோறு போடுமா, பாய்?" என்று நாம் திருப்பிக் கேட்டோம். அவரிடம் அதற்கு விடை இல்லை. உண்மையில் நம்மிடமும் இல்லை; விசாரித்து அறியாமலேயே கேட்ட கேள்வி அது.

அம்மாணவர் விளையாட்டை விட்டார். மக்தபுக்கும் நெடுநாள் வரவில்லை. பதினோராம் வகுப்போடு படிப்பும் நின்றது. இன்று பெங்களூரில் ஒரு பழமண்டியில் மூட்டை இறக்கும் வேலை செய்கிறார். உழைத்து உண்பது இழிவன்று; அவர் ஹலாலான உணவையே உண்கிறார். எனினும் அந்தக் கால்களுக்கு அல்லாஹ் கொடுத்திருந்த ஆற்றல் ஓர் அமானிதம். அதை வீணாக்கியதில் நமக்கும் பங்கு உண்டு என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. ஓட்டமும் மல்யுத்தமும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் மார்க்கம் தடுத்தவை அல்ல என்பதைக் கற்ற நாமே அதை மறந்து பேசினோம்.

அதன் பின்னரே, இளமையில் பல விளையாட்டுகளில் சிறந்தோர் பிற்காலத்தில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைத் தேடிப் படித்தோம். அவ்வாறு அறிந்த ஒருவரின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்கிறோம். அவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த எம்.ஜே. கோபாலன்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் மொரப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் பிறந்தவர் என்று ஏடுகள் குறிக்கின்றன. குடும்பம் சென்னைத் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது. அங்குதான் அவர் மட்டையையும் பந்தையும் கையில் எடுத்தார். வேகமாகப் பந்து வீசும் அந்த இளைஞரை, சென்னையில் வாழ்ந்த சி.பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேய ஆட்டக்காரர் கவனித்தார். கவனித்ததோடு நின்றுவிடவில்லை. பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடைக்கச் செய்தார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு நாம் மீண்டும் வருவோம்.

கோபாலன் கிரிக்கெட்டோடு நிற்கவில்லை, ஹாக்கியிலும் தேர்ந்தார். களத்தின் நடுவில் நின்று எதிரணியைத் தடுத்து, தம் அணிக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டர் ஹாஃப் என்னும் இடம் அவருடையது. 1934ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக இந்திய டெஸ்ட் அணியில் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னை அணியும் மைசூர் அணியும் மோதின. இன்று நாடறிந்த ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அது. அதன் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஒரே நாளில் முடிந்த அந்த ஆட்டத்தில் சென்னை அணியே வென்றது. அடுத்த ஆண்டு, 1935இல், தியான் சந்த் தலைமையிலான இந்திய ஹாக்கி அணியுடன் நியூசிலாந்து சென்றார். அந்தச் சுற்றுப்பயணத்தில் இந்திய அணி 48 ஆட்டங்கள் ஆடி, 48இலும் வென்றது. இரண்டு விளையாட்டுகளில் நாட்டின் சார்பாக ஆடும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இனி 1936ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டின் கோடையில் இரண்டு கப்பல்கள் புறப்படவிருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் ஹாக்கி அணிக்கு. மற்றொன்று, இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணிக்கு. கோபாலனுக்கு இரண்டிலும் வாய்ப்பு இருந்தது. இரண்டில் ஒன்றையே தேர்ந்தாக வேண்டும். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்.

அந்தக் கிரிக்கெட் அணியில் ஹைதராபாத்தைச் சேர்ந்த மற்றொருவரும் சென்றார். அவர் சையித் முஹம்மத் ஹாதி. 1899இல் பிறந்தவர், இரண்டு வயதிலேயே தந்தையை இழந்த யதீம். ஹைதராபாத்தின் பெருங்குடும்பம் ஒன்று அவரைத் தம் பிள்ளையாக எடுத்து வளர்த்தது. குதிரையேற்றமும் போலோவும் கற்பித்தது. அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வரை சென்று படித்தார். கிரிக்கெட், டென்னிஸ், ஹாக்கி, கால்பந்து, மேசைப்பந்து, சதுரங்கம், போலோ என ஏழு விளையாட்டுகளில் திறன் காட்டியதால், வானவில்லின் ஏழு நிறங்களை எண்ணி மக்கள் அவரை 'ரெயின்போ ஹாதி' என்று அழைத்தனர். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடினார். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் நம் கோபாலன் என்றோம். அக்கோப்பையின் முதல் சதத்தை அடித்தவர் இந்த ஹாதி. அதையும் சென்னை அணிக்கு எதிராகவே அடித்தார்: ஆட்டமிழக்காமல் 132 ஓட்டங்கள்.

இத்தகைய இருவரும் இங்கிலாந்தில் என்ன பெற்றார்கள்? அந்தப் பயணம் பிணக்குகளால் சீர்குலைந்தது. அணித்தலைவருக்கும் வீரர்களுக்கும் இடையில் ஒற்றுமை இல்லை. லாலா அமர்நாத் என்னும் சிறந்த ஆட்டக்காரரே பாதியில் ஊருக்கு அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்ட் போட்டிகளில் இந்தியா இரண்டில் தோற்றது. கோபாலனும் சரி, ஹாதியும் சரி, அம்மூன்றில் ஒன்றில்கூட களம் இறக்கப்படவில்லை.

1936ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் இலண்டனின் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் போட்டி தொடங்கியது. ஆடும் பதினொருவரில் கோபாலன் இல்லை. அதே நாள் பெர்லினில் ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப்போட்டி. முந்திய ஆண்டு அவரோடு நியூசிலாந்தில் ஆடிய தியான் சந்தின் தலைமையில் இந்தியா ஜெர்மனியை 8-1 என்று வென்று தங்கப்பதக்கம் பெற்றது. ஒரே நாளில், ஒரு நகரில் அவர் ஆட்டத்திற்கு வெளியே இருந்தார். மற்றொரு நகரில் அவர் செல்லாமல் விட்ட களத்தில் தங்கம் குவிந்தது. டெஸ்ட் கிரிக்கெட்டில் அவருடைய கணக்கு அந்தக் கல்கத்தா ஆட்டத்தோடு முடிந்தது: ஒரு டெஸ்ட், 18 ஓட்டங்கள், ஒரு விக்கெட்.

அன்பிற்குரிய பிள்ளைகளே, இது சிறிய இழப்பன்று. இத்தகைய ஓர் இழப்பு நேர்ந்தால், "எல்லாம் முடிந்தது" என்று மனம் உடைந்து அமர்ந்துவிடுவோர் பலர். ஆனால் அதன் பின்னர் அவர் செய்தவற்றைக் கவனியுங்கள். சென்னைக்கே திரும்பி, சென்னை அணிக்காக 1950களின் தொடக்கம் வரை ஆடினார். 1926இல் முதல்தர ஆட்டத்தில் அடியெடுத்து வைத்தவர், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் களத்தில் நின்றார். அந்த வெள்ளிவிழாவைச் சிறப்பிக்கும் வகையில், சென்னை அணிக்கும் இலங்கை அணிக்கும் இடையே 1952-53 முதல் ஆடப்பட்ட போட்டிக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். இலங்கை டெஸ்ட் தகுதி பெறுவதற்கு முந்தைய அந்தக் காலத்தில், அந்நாட்டு இளைஞர்கள் பலர் தம் திறனைக் காட்ட அது வழியாக அமைந்தது. ஆட்டத்தை விட்ட பின் அவர் தேசிய அணித் தேர்வுக்குழுவில் இருந்து, அடுத்த தலைமுறையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஏற்றார். 2003ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் சென்னையில் காலமானபோது அவருக்கு வயது 94. அப்போது உலகில் உயிரோடிருந்த டெஸ்ட் ஆட்டக்காரர்களில் அவரே மூத்தவர்.

ஹாதியின் பிற்காலமும் இதைப் போன்றதே. தாம் கற்ற விளையாட்டுகளைத் தம்மோடு முடித்துக்கொள்ளாமல், ஹைதராபாத்தில் உடற்கல்வி வளர உழைத்தார். பின்னர் அகில இந்திய விளையாட்டு மன்றத்தின் செயலாளராகவும் பணியாற்றி, 1971இல் மறைந்தார்.

இவ்விருவருக்கும் மாறான ஒரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பழங்குடி இனத்தைச் சேர்ந்த ஜிம் தோர்ப் என்பவர், கார்லைல் என்னும் ஊரின் உறைவிடப் பள்ளியில் பயின்றபோதே பல விளையாட்டுகளில் புகழ் பெற்றவர். 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்து போட்டிகள் சேர்ந்த பென்டத்லானிலும், பத்துப் போட்டிகள் சேர்ந்த டெக்கத்லானிலும் தங்கம் வென்றார். முன்னர் பேஸ்பால் ஆடிச் சிறிது ஊதியம் பெற்றார் என்ற காரணத்தால் 1913இல் அப்பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அதன் பின் தொழில்முறை ஆட்டக்காரராகப் பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் ஆடினார். உடல் தளர்ந்ததும் கூலி வேலை உட்பட கிடைத்த வேலைகளைச் செய்து, மதுவுக்கும் ஆளாகி, 1953இல் வறுமையில் இறந்தார். அவருடைய வெற்றிகளை 1982இல் ஒலிம்பிக் குழு மீண்டும் ஏற்றது. அவர் ஒருவரே முதலிடத்தவர் என்று முழுமையாக அறிவித்தது 2022இல்தான். உலகம் நீதி வழங்கியது. அதைப் பெற அவர் இல்லை.

திறமையில் தோர்ப் கோபாலனுக்குக் குறைந்தவர் அல்லர், மிகுந்தவர். பின் ஏன் இந்த வேறுபாடு? காரணங்கள் பல இருக்கலாம். நம் கண்ணில் படுவது இது: கோபாலனின் இளமையிலேயே ஒருவர் அவருக்கு ஒரு வேலையைத் தேடிக் கொடுத்தார். ஆகவே ஆட்டம் கைவிட்ட நாளிலும் அடுப்பு எரிந்தது. ஹாதியை ஒரு குடும்பம் எடுத்து வளர்த்துப் படிக்கவும் வைத்தது. ஆகவே உடல் தளர்ந்த பின்னும் அறிவு பயன்பட்டது. தோர்ப்புக்குக் கைதட்டியவர்கள் ஆயிரமாயிரம் பேர். தோள் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. திறமையைக் கொடுப்பவன் இறைவன். அதைச் சுற்றி வேலி கட்ட வேண்டியவர்கள் பெற்றோரும் ஊராரும். இவ்வுரையின் சாரம் இதுவே.

பெற்றோர்களுக்கு முதலில் ஒரு சொல். "விளையாட்டு சோறு போடுமா?" என்று நாம் அன்று கேட்ட கேள்விக்கு, இன்று விசாரித்து அறிந்த விடையைச் சொல்கிறோம். தமிழக அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளது. இரயில்வே, காவல்துறை, இராணுவம் ஆகியவற்றிலும் விளையாட்டுத் தகுதியால் ஆள் எடுக்கிறார்கள். பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டுப் பிரிவுக்கென இடங்கள் உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விடுதிகளில் தங்குமிடமும் உணவும் பயிற்சியும் தந்து, பள்ளிப்படிப்பையும் தொடரச் செய்கிறார்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி மாணவர்களுக்கெனத் தனிப்பிரிவு இருக்கிறது. ஆகவே, சோறு போடும் வழிகள் உள்ளன. அவை எல்லோருக்கும் கிடைப்பவை அல்ல என்பதும் உண்மை. ஓடுகிற நூறு பேரில் அந்த வாசலை அடைபவர் சிலரே. ஆகையால் விளையாட்டை நிறுத்தாதீர்கள், படிப்பையும் நிறுத்தவிடாதீர்கள். வென்ற சான்றிதழ் ஒவ்வொன்றையும் பத்திரமாகக் கோப்பில் வையுங்கள். நம் அந்த மாணவரின் சான்றிதழ்கள் வீடு மாற்றும்போது தொலைந்து போயின என்று பின்னர் அறிந்தோம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். இன்று உங்கள் கால்களுக்கு இருக்கும் விரைவு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கே. முழங்காலில் ஓர் அடி பட்டால் அதற்கு முன்பே முடிந்துவிடலாம். அதன் பின்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழ்க்கை இருக்கிறது. கோபாலன் ஒரு தேர்வில் தங்கத்தைத் தவறவிட்டார், வாழ்க்கையைத் தவறவிடவில்லை. நீங்களும் எங்கேனும் தவறான முடிவு எடுப்பீர்கள். அணியில் இடம் கிடைக்காமல் வெளியே உட்கார்ந்திருக்கும் நாளும் வரும். அந்த நாளில் களத்தை வெறுக்காமல், அடுத்தவருக்குப் பந்தெடுத்துக் கொடுக்கவும் மனம் வேண்டும். அந்த மனம் இருப்பவருக்கு ஆட்டம் ஓய்ந்த பின்னும் பணி இருக்கும்.

இறுதியாக, ஜமாஅத்தார்க்கும் நமக்கும் நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. செவ்வாய்தோறும் கூடும் நம் ஊர்ச் சந்தையில், நல்ல கன்றை அதன் நடையைப் பார்த்தே இனங்கண்டு சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கன்றின் நடையைக் கவனிக்கத் தெரிந்த நமக்கு, நம் பிள்ளையின் நடையைக் கவனிக்கத் தெரியாமல் போயிற்றே! மொரப்பாக்கத்துப் பிள்ளையைக் கவனித்தவர் கடல் கடந்து வந்த ஓர் அந்நியர். நம் பிள்ளைகளைக் கவனிக்க நாம் யாருக்காகக் காத்திருக்கிறோம்?

ஆகவே மூன்று காரியங்களை நிர்வாகத்தின் முன் வைக்கிறோம். முதலாவது, பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளுக்காக மக்தப் பாடத்தை அஸருக்குப் பிறகு அல்லாமல் சுபுஹுத் தொழுகைக்குப் பின் நடத்த நாம் ஆயத்தமாக இருக்கிறோம். அதற்கெனத் தனி ஊதியம் வேண்டா. இரண்டாவது, கல்வி உதவி நிதியில் ஒரு சிறு பகுதியை, போட்டிக்குச் செல்லும் ஏழைப் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்திற்கும் காலணிக்கும் ஒதுக்க வேண்டும். மூன்றாவது, அரசுப் பணியிலும் ஓய்விலும் இருக்கும் நம் ஜமாஅத்தார் இருவர், விடுதிச் சேர்க்கை, இடஒதுக்கீடு ஆகியவற்றுக்கான விண்ணப்பக் காலங்களை அறிந்து ஜுமுஆ நாளில் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். செலவு மிகுந்த காரியம் இவற்றில் எதுவும் இல்லை.

சென்ற பெருநாளன்று அந்த மாணவர் - இப்போது குடும்பத்தார் - தம் மகனோடு தொழுகைக்கு வந்திருந்தார். முஸாஃபஹா செய்யும்போது அவருடைய கைகளில் மூட்டை தூக்கிய காய்ப்பை உணர்ந்தோம். அன்று சொன்ன சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் பழைய கதை, ஹஜ்ரத்" என்று சிரித்தார். அவருடைய மகன் அதற்குள் பள்ளிவாசல் முற்றத்தை நான்கு முறை சுற்றி ஓடி வந்திருந்தான். "அப்படியே நீ" என்றோம். தந்தை ஒன்றும் சொல்லவில்லை, மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு கோப்பையை ஏந்திக்கொண்டு பள்ளிவாசலுக்கு வரும் நாளில், இங்கே இமாமாக எவர் இருப்பினும், முதலில் அந்தக் கோப்பையைக் கையில் வாங்கிப் பார்த்து மகிழட்டும். அதற்குப் பிறகு பாடத்தைப் பற்றிக் கேட்கட்டும். நம் பிள்ளைகளின் உடல் வலிமையையும் அறிவையும் நற்காரியங்களுக்கு உரியவையாக வல்ல இறைவன் ஆக்கி அருள்வானாக! வஸ்ஸலாம்.